மூன்றாம் பம்பின் ஆட்டம்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ஊஞ்சல் அக்கா என்று பெயர். அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குழாயில் மாட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும், "ஊஞ்சல் தெரியுமில்ல?" என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் அது. வழி நெடுக பம்ப் நிலையங்கள். எங்கே அழுத்தம் குறைகிறது, எங்கே கசிகிறது, எந்த பம்ப் அளவுக்கு மீறி நடுங்குகிறது என்று சொல்ல அங்கங்கே சென்சார் வைத்திருந்தார்கள். அவை பாட்டரியில் ஓடின. பாட்டரி தீர்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். சேற்றில் இறங்கி, பாலத்தின் அடியில் தொங்கி, மூடி போட்ட குழிகளுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றிவிட்டு வருவதற்குள் இன்னொன்று தீர்ந்திருக்கும். ஃபிட்டர் ஒருவர் இருந்தார், சட்டைப் பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் குலுங்கும், அவரை நட்டு என்றே கூப்பிடுவார்கள். "என் பொண்டாட்டி முகத்தைவிட இந்தக் குழிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கேன், ஆனா குழி எதுவும் பதிலுக்குத் திட்டறதில்ல" என்பார்.

அதற்குத்தான் பெட்டி வந்தது. உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அதன் நுனியில் ஒரு சிறு எடை. பம்ப் ஓடினால் குழாய் நடுங்கும். குழாய் நடுங்கினால் தகடு ஆடும். தகட்டின் மேல் பூசியிருக்கும் பொருள் வளைகிறபோதெல்லாம் துளி மின்சாரம் கொடுக்கும். அது சேர்ந்து சேர்ந்து போதுமான அளவு வந்ததும் சென்சார் விழித்துக்கொள்ளும், அளக்கும், ரேடியோவில் தகவலை அனுப்பும், மறுபடி தூங்கிவிடும். பாட்டரி கிடையாது. பம்ப் ஓடுகிறவரை அதற்குச் சாப்பாடு உண்டு.

ஆனால் தகடு எல்லா நடுக்கத்துக்கும் ஆடிவிடாது. ஊஞ்சல் திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால்தானே மேலே போகும், கண்ட நேரத்தில் தள்ளினால் நின்றுவிடும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு வேகம். அந்த வேகத்துக்குத் தகடு இசைந்து ஆடும்படி நுனி எடையை அரத்தால் இழைத்து, தகட்டில் முன்னும் பின்னும் நகர்த்தி, திருகி முடிப்பது அவள் வேலை. கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. அவளுக்கு அது புதிதில்லை. முன்பு காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் இருந்தவள். அவள் புருஷன் அவளை முதலில் பார்த்ததே அங்கேதான். அம்மாவின் கருவி ஊளையிடுகிறது என்று எடுத்துக்கொண்டு வந்தான். அதை அவள் சரி செய்து கொடுத்தாள். மறு வாரமும் வந்தான்.

"மறுபடி ஊளையிடுதா?"

"இல்ல. நல்லா கேக்குது. அதான் கஷ்டம். இப்போ நான் முணுமுணுக்கறதெல்லாம் அம்மாவுக்குக் கேட்டுடுது. கொஞ்சம் கம்மியா வைக்க முடியுமா?"

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணம் வரை போனது.

அவன் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டர். குழாய்க் கம்பெனியில் கைவேலை தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று அவன்தான் வந்து சொன்னான். அவன் இருந்த நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கட்டுப்பாட்டு அறை, அதை ஒட்டி அவளுக்கு ஒரு மேஜை, மேஜை மேல் அரம், இடுக்கி, பூதக்கண்ணாடி விளக்கு. ஒரே பஸ்ஸில் போவார்கள், வருவார்கள். ஒரே மகள் படித்து வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேரும் பம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். வேறு பேச்சு கிடையாதா என்று மகள் போனில் அலுத்துக்கொள்வாள்.

அவன் நிலையத்தில் மூன்று பம்புகள். முதல் இரண்டும் சாதுவாக ஓடும். மூன்றாவது ஆட்டம் போடும். மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், அதில் மயிரிழை விலகியிருந்தது. அதற்கு அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பம்பை நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, அடியில் தகடு வைத்து நேராக்கும் வேலை. பெரிய விஷயமில்லை. அட்டவணையிலும் இருந்தது.

அந்த மூன்றாவது பம்பில் மாட்டிய பெட்டிதான் அவளுக்குச் செல்லம். மற்ற பெட்டிகள் அரை வயிறும் கால் வயிறுமாக ஓடின, எப்போதாவது ஒரு தகவல் அனுப்பும். மூன்றாவது மட்டும் கொழுத்துப்போய், ஒரு தடவைகூடத் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். "மூணுல நல்ல தீனி" என்று திரையைப் பார்த்துச் சொல்லுவாள். பிள்ளைக்கு எடை ஏறினால் தாய் சொல்லுவாளே, அந்தக் குரலில்.

கெட்டதைத் தின்று கொழுக்கிற பெட்டி அது. பம்பின் கோளாறுதான் அதற்குச் சாப்பாடு. மனிதர்கள் அப்படி ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பார்கள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பெட்டிகளைக் குழாய் முழுக்க வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு சோதனைக் காலம் வைத்தார்கள். குறிப்பிட்ட சில பெட்டிகள் அந்தக் காலம் முழுக்க விட்டுப்போகாமல் தகவல் அனுப்ப வேண்டும். அதில் மூன்றாவது பம்பின் பெட்டியும் ஒன்று. என்ஜினியர் ஒரு இளம்பெண், கெட்டிக்காரி, யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள்.

"அக்கா, அலைன்மென்ட் இந்த மாசம் வருது. செஞ்சா ஆட்டம் குறைஞ்சிடும், பெட்டி பட்டினி கிடக்கும். நீங்க எடையை மாத்தி வைக்கணும், நடுவுல சில நாள் போயிடும். ஆட்டம் இன்னும் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு. தள்ளிப் போடலாம். ஆனா ஆபரேட்டர் ஒத்துக்கணும். பக்கத்துல நிக்கறவங்க அவங்கதான்."

"அதை நான் கேட்டுக்கறேன் மேடம்" என்றாள்.

அவள் நிலையத்துக்குப் போய்க் கேட்கவில்லை. வீட்டில் கேட்டாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நானே நாளைக்கு என்ஜினியர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். மூணாம் நம்பர் ரொம்ப ஆடுது. மேடையில நின்னா பல்லு கிடுகிடுங்குது."

"அளவுக்குள்ளதான் இருக்கு. பெட்டி சொல்லுது."

"பெட்டி பெரிய குழாய்ல உட்கார்ந்திருக்கு. அதுக்கு என்ன தெரியும்? பக்கத்துல மீட்டருக்குப் போற சின்னக் குழாயைப் பார். அது நாய் வாலாட்டற மாதிரி ஆடுது."

"கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்றேன் நட்டு அண்ணன்கிட்ட. சோதனை முடியற வரைக்கும்தான்."

"உன் பெட்டி திங்கறதுக்கு என் பம்ப் ஆடணுமா? நல்லா இருக்கே கதை."

"எத்தனை வருஷமா இதைப் பண்ணிட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். இது போச்சுன்னா மறுபடி பாட்டரிதான். நான் திரும்பக் காது மெஷினுக்கே போக வேண்டியதுதான்."

அவன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். அவளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை. மூன்றாம் நாள் இறங்கும்போது அவனே சொன்னான்: "சரிம்மா. சரின்னு சொல்லிடு. உன் ஊஞ்சல் ஆடட்டும்." அவளுக்குக் கால் தரையில் படவில்லை. என்ஜினியரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நட்டு வந்து சின்னக் குழாய்க்குக் கிளாம்ப் போட்டார். அது ஒப்புக்குத்தான் நின்றது.

அது நடந்தது வெயில் ஏறிய காலை. கட்டுப்பாட்டு அறையில் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் பெட்டியிடமிருந்து வர வேண்டிய தகவல் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பெட்டி கெட்டுப்போக வாய்ப்பில்லை, பம்ப் நின்றிருக்கிறது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். சோதனை முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது! அவளுக்கு வந்தது எரிச்சல்தான். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனுஷன் என்று போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுத்தது நட்டு.

"அவர்கிட்ட குடுங்கண்ணே. எதுக்கு நிறுத்தினாருன்னு கேக்கணும்."

"அவர் நிறுத்தல" என்றார் நட்டு. "நான்தான் நிறுத்தினேன். நீ கிளம்பி வா. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

சின்னக் குழாய் வேரோடு ஒடிந்து, மீட்டரோடு பறந்து அவன் தலையில் அடித்திருந்தது. விழுந்தபோது கான்கிரீட் மேடையின் விளிம்பில் மறுபடி அடி. அந்த எரிச்சலை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் ரத்தத்தில் கிடந்தபோது, தகவல் விட்டுப்போயிற்றே என்று தான் கோபப்பட்டதை எந்த வாயால் சொல்வாள்?

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தான். நெடுநாள் கழித்துக் கண் திறந்தான், பேசினான். அவளைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், மகள் பெயர் சொன்னான், அம்மாவின் காது மெஷின் கதையைக்கூடச் சொன்னான். இடது பக்கம் கையும் காலும் வரவில்லை. சரி, உயிர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, அது போதும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். அவனுடைய அக்கா வந்து இறங்கினாள். மருத்துவமனை வார்டில் முப்பது வருஷம் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்ததும் தலையணைகளை எண்ணினாள், மெத்தையை அழுத்திப் பார்த்தாள், சுவரில் இருந்த கடிகாரத்தைக் கட்டிலுக்கு நேராக மாற்றி மாட்டினாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும். அழறதுக்கு நடுவுல நேரம் பார்த்துக்கோ" என்றாள். நாத்தனார் என்றால் சொல்லுக்குச் சொல் குத்துவாள் என்று பயந்தவளுக்கு, குத்துவதற்கே நேரமில்லாத நாத்தனார் வாய்த்தாள்.

அவனுக்குப் பழசெல்லாம் இருந்தது. புதிதுதான் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருப்பான், ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் துடைத்து வைத்ததுபோல் போய்விடும். பழசும் ஓரிடத்தில் அறுந்திருந்தது. எந்த இடம் என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

"இந்தாம்மா" என்பான், கண் விழித்ததும். "மூணாம் நம்பர் ரொம்ப ஆடுது. இன்னிக்கு என்ஜினியர்கிட்ட சொல்லணும். நினைவுபடுத்து."

அவள் கேட்டது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் சரி என்றது எதுவும் அவனிடம் இல்லை. அவன் வாழ்க்கை அவள் கேட்பதற்கு முந்திய நாளில் நின்றிருந்தது. தினமும் அங்கேயே விழித்தான்.

முதலில் மென்று முழுங்கினாள். "சொல்லலாங்க, சாப்பிடுங்க" என்பாள். ஒரு மதியம் அவன் முகம் தெளிவாக இருந்தது. நாத்தனார் துணி உலர்த்தப் போயிருந்தாள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் கேட்டதை, அவன் ஒத்துக்கொண்டதை, குழாய் ஒடிந்ததை. எரிச்சலை மட்டும் சொல்லவில்லை.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அசையாத கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எதுக்கு அழற? நானும்தானே சரின்னேன். நீ என்ன, வேணும்னா பண்ணின?"

அன்றைக்குத்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது, அடி விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

மறுநாள் காலை கண் விழித்து, "இந்தாம்மா, மூணாம் நம்பர் ரொம்ப ஆடுது" என்றான்.

அவள் மறுபடி சொன்னாள். அதே வார்த்தைகள், அதே வரிசை. நேற்றுக் கிடைத்தது இன்றைக்கும் கிடைக்கும் என்று கையை அவன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவன் கையைப் பிடிக்கவில்லை. "அப்போ என்னால இனிமே நடக்க முடியாதா?" என்றான். அவள் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு முழுக்கச் சாப்பாட்டைத் துப்பினான். ஏன் துப்புகிறோம் என்பது தூங்கி எழுந்ததும் மறந்துபோனது, துப்புவது மறக்கவில்லை.

பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தினம் கேட்பான், தினம் சொல்லுவாள். சில நாள் மன்னித்தான். சில நாள் திட்டினான், அவன் வாயில் அவள் அதுவரை கேட்டிராத வார்த்தைகள் வந்தன. ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தான், அதைத் தாங்கத்தான் முடியவில்லை. போகப் போக அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, வயிறு சுத்தமாகி, வெயில் கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் சொன்னால் மன்னிக்கிறான். பசியில் சொன்னாலும் சிறுநீர்க் குழாய் உறுத்தும்போது சொன்னாலும் மன்னிப்பதில்லை. அவள் நேரம் பார்க்க ஆரம்பித்தாள். எடையை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எந்த இடத்தில் வைத்தால் தகடு உயர ஆடும் என்று கண்டுபிடித்த கை. இங்கேயும் அதையே செய்தது.

நாத்தனார் கண்ணில் படாமல் எதுவும் நடக்காது.

"இங்க வா" என்று சமையலறைக்குக் கூப்பிட்டாள். மசித்த சாப்பாட்டை வடிகட்டிக்கொண்டே பேசினாள். "தினம் அவன்கிட்ட எதைச் சொல்லி அழ வைக்கற?"

"அவர் அழல அண்ணி. நேத்து சிரிச்சாரு. மன்னிச்சிட்டேன்னு சொன்னாரு."

"நான் குளிப்பாட்டி விட்டேன், அதுக்கு முன்னாடி எனிமா குடுத்தேன். வயிறு லேசானா யாரைத்தான் மன்னிக்கமாட்டான்? என்னையே மன்னிச்சான், சின்ன வயசுல நான் அவன் காத்தாடியைக் கிழிச்சதுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போனது.

"இத பார்" என்றாள் நாத்தனார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "உனக்கு இது எத்தனையாவது தடவையோ. அவனுக்கு ஒவ்வொரு நாளும் முதல் தடவை. கை வராதுங்கறதும் இன்னிக்குத்தான் தெரியுது, காரணம் நீங்கறதும் இன்னிக்குத்தான் தெரியுது. அந்த இரும்பு ஒரு தடவைதான் அவன் தலையில விழுந்துச்சு. நீ தினம் எடுத்துப் போடற."

"சொல்லலேன்னா எனக்கு மூச்சு முட்டுது அண்ணி."

"முட்டட்டும். உனக்கு முட்டினா எழுந்து வெளிய போய் நடக்கலாம். அவனால முடியாது." கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். "சூடு பார்த்துக் குடு. போன தடவை நாக்கு சிவந்திருந்துச்சு."

அவள் நிறுத்திவிட்டாள். மறுநாள் அவன் கேட்டபோது, "சரி பண்ணிட்டாங்கங்க" என்றாள். அது பொய்யில்லை. விபத்துக்கு அடுத்த வாரமே பம்பைப் பிரித்து நேராக்கிவிட்டார்கள், சின்னக் குழாயைத் தடிமனாகப் போட்டார்கள். என்ஜினியர் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தாள். கட்டில் பக்கம் நின்றுகொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல், "இனிமே பெட்டிக்காக எந்த ரிப்பேரையும் தள்ளிப் போடக் கூடாதுன்னு எழுதிட்டோம் அக்கா. தள்ளலாம்னு முதல்ல சொன்னது நான்தான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவளுக்கு அவளைத் தேற்றத் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. உட்காரச் சொன்னாள்.

இந்தப் பதில் அவனைச் சமாதானப்படுத்திவிடும் என்று அவள் நினைத்தாள். அவன் முகம் மலர்ந்தது உண்மைதான். "அப்பாடா" என்றான். அப்புறம் யோசித்தான். யோசிக்கும்போது ஒரு பக்கப் புருவம் மட்டும் ஏறும்.

"ஆட்டம் நின்னா உன் பெட்டிக்குத் தீனி?"

அவள் சாப்பாட்டுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"அது பரவால்லங்க."

"பரவால்லன்னா? எத்தனை வருஷமா பாடுபடற. சோதனை வேற வருதுன்னு பேசிக்கறாங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்லியிருக்கலாமே. நான் வேணா பொறுத்துக்கறேன்னு சொல்லேன்."

மன்னிக்கிற நாளும் திட்டுகிற நாளும் இதற்கு எவ்வளவோ மேல் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. கேட்டிருக்கவே வேண்டியதில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்து அவள் பிடுங்கியதை, அவனாகவே தட்டில் வைத்துக் கொடுக்கிறான்.

"வேணாங்க" என்றாள். "பெட்டியை வேற இடத்துல மாட்டிக்கலாம். பம்ப் ஆடக் கூடாது."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

அது தினசரி ஆயிற்று. அவன் கேட்பான், கவலைப்படுவான், விட்டுக் கொடுப்பான். அவள் வேண்டாம் என்பாள். காலையில் அந்த வேலை முடிந்ததும் நாத்தனாரிடம் அவனை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அரை நாள் வேலைக்கு அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். போன முதல் நாளே மூன்றாம் பம்புக்குப் போனாள். மேடையில் ஏறி நின்று குழாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். தூங்குகிற பிள்ளையின் முதுகுபோல லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டி பட்டினியில் செத்துக் கிடந்தது. திருகுகளைக் கழற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நட்டு கீழே நின்றபடி, "அண்ணன் எப்படி இருக்கார்?" என்றார். "சாப்பிடறார்" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் பையில் அன்றைக்கு எதுவும் குலுங்கவில்லை.

மழைக் காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது, பிறகு வலிப்பு. ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று. மறுபடி மருத்துவமனை. இந்தத் தடவை நாத்தனார் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் விழித்தான். கூரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. முகம் துடைத்தாள், வாய் கழுவினாள், சாப்பாடு கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். அதற்கடுத்த நாளும் அப்படியே. எந்தக் கேள்வி வராமல் இருந்தால் போதும் என்று எத்தனையோ காலை நினைத்தாளோ, அது வரவில்லை. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் நாத்தனார் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தாள். அவளே கேட்டாள்:

"ஏங்க, பம்பைப் பத்திக் கேக்கலையா?"

அவன் மரியாதையாகப் பார்த்தான். புது ஆளைப் பார்க்கிற மரியாதை. "எந்தப் பம்ப், சிஸ்டர்?"

அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். பிறகு நாற்காலியைக் கிட்டே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு பம்ப் இருந்துச்சு" என்றாள். "ரொம்ப ஆடும்."

தனக்குத் தெரிந்த ஒரு பெண், அவள் புருஷன், குழாயில் மாட்டுகிற ஒரு பெட்டி என்று யாரோ ஒருத்தி கதைபோலச் சொன்னாள். பெட்டி எப்படி வேலை செய்யும் என்று சொல்ல வேண்டி வந்தது, ஊஞ்சலிலிருந்துதான் ஆரம்பித்தாள். அவனுக்கு அது பிடித்திருந்தது, நல்ல கை லேசாக முன்னும் பின்னும் அசைந்தது. ரிப்பேரைத் தள்ளிப் போடச் சொல்லி அவள் கேட்டதைச் சொன்னாள். பஸ்ஸில் பேசாமல் வந்ததைச் சொன்னாள். திரையில் தகவல் நின்றபோது அவளுக்கு வந்த எரிச்சலையும் சொன்னாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்த ஆள் பிழைச்சாரா?"

"பிழைச்சார்."

அவன் யோசித்தான். ஒரு புருவம் ஏறியது.

"அந்தம்மா கேட்டிருக்கக் கூடாது சிஸ்டர்" என்றான். "வேலை செய்யற இடத்துல வெச்சுக் கேட்டிருந்தா அவர் முடியாதுன்னு சொல்லியிருப்பார். வீட்ல வெச்சுக் கேட்டா மனுஷன் எப்படி முடியாதுன்னு சொல்வான்?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா? அந்தம்மா சொன்னாங்களா?"

"சொன்னா. நிறைய தடவை."

"என்ன சொன்னாராம்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. துடைத்துவிட்டாள்.

"ஒரு நாள் ஒண்ணு சொல்லுவார், மறுநாள் வேற சொல்லுவார்" என்றாள்.

"ம்" என்றான், அது இயல்புதானே என்பதுபோல. பிறகு தண்ணீர் கேட்டான். அவள் தலையணையை உயர்த்தி, முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள். அதற்குள் திருப்பிப் போடும் நேரம் வந்திருந்தது. முழங்காலை மடக்கி, தோளுக்கு அடியில் கை கொடுத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். முதுகில் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தது. பரவாயில்லை, இன்னும் புண்ணாகவில்லை. மருந்து தடவினாள்.

"உங்க கை நடுங்கறதே இல்ல சிஸ்டர்" என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி.